பழைய எஃகு மவுண்டன் பைக்குக்குப் புதிய ஃபோர்க்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் படித்துத் திரும்பிய என் சித்தப்பா, 1992-இல் அங்கு வாங்கிய எஃகு மவுண்டன் பைக் ஒன்றை எனக்குக் கொடுத்தார். 26 அங்குலச் சக்கரம்; முன்னும் பின்னும் ஷாக் கிடையாது. வார இறுதிகளில் ஆனைகட்டிச் சாலையிலும் தோட்டங்களுக்கு இடையே செல்லும் மண்பாதைகளிலும் ஓட்டுகிறேன். அண்மையில் ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி மோதியதில், அதைத் தாங்கும் கவையான ஃபோர்க் பின்னோக்கி வளைந்துவிட்டது. 100 மி.மீ. அமுங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் ஒன்று கையிருப்பில் இருப்பதாகவும், அதைப் பொருத்தினால் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா, அல்லது பழையதைப் போன்ற ஃபோர்க்கையே தேடட்டுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஃபோர்க்கைப் பற்றி முடிவெடுக்கும் முன் பிரேமைப் பாருங்கள். ஃபோர்க் வளையும் அளவுக்கு அடி விழுந்திருந்தால், அதே விசை, ஃபோர்க்கின் தண்டு நுழைந்து திரும்பும் முன்குழாயான ஹெட் டியூப் வழியாகப் பிரேமுக்கும் சென்றிருக்கும். மேல் குழாயும் கீழ்க் குழாயும் ஹெட் டியூபில் வந்து சேரும் இடத்திலிருந்து நான்கைந்து அங்குல நீளத்துக்கு, இரண்டு குழாய்களையும் சுற்றிலும் விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறிய புடைப்பும் மடிப்பும் விரலுக்குத் தட்டுப்படும். பெயின்ட் குறுக்காக வெடித்திருந்தாலும் அது குழாய் நெளிந்ததன் அடையாளமே. அப்படி ஏதேனும் இருந்தால் அந்தப் பிரேமுக்காக ஃபோர்க் வாங்கிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பிரேம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சொல்லும் ஃபோர்க்கை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். ஏனெனில் இதே ஆலோசனையை நாளை வேறொரு கடையிலும் நீங்கள் கேட்கக்கூடும்.

ஃபோர்க் வாங்கும்போது பெரும்பாலோர் சக்கர அளவையும் தண்டின் தடிமனையும் மட்டுமே பார்க்கிறார்கள். அவற்றைவிட முக்கியமானது, சக்கர அச்சின் மையத்திலிருந்து ஃபோர்க்கின் தோள்பட்டை வரை, அதாவது ஹெட்செட்டின் (தண்டு சுழல உதவும் பேரிங் தொகுதியின்) கீழ்க் கோன் உட்காரும் விளிம்பு வரை உள்ள நீளம். இதை ஃபோர்க்கின் கால் சாய்ந்திருக்கும் வழியே அளக்கக் கூடாது. மேலே செல்லும் தண்டுக்கு இணையான நேர்கோட்டில் அளக்க வேண்டும். ஷாக் இல்லாத காலத்து 26 அங்குல மவுண்டன் பைக்குகளில் இந்த நீளம் பெரும்பாலும் 390 முதல் 400 மி.மீ. வரை இருக்கும். உங்களுக்குக் காட்டப்படும் 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் அது ஏறத்தாழ 470 மி.மீ. ஆகும். நீங்கள் ஏறி அமர்ந்ததும் அது 25 மி.மீ. அமுங்கும் என்று கழித்துக்கொண்டாலும் 445 மி.மீ. மிஞ்சுகிறது. உங்கள் பிரேம் எந்த நீளத்துக்கென்று வடிவமைக்கப்பட்டதோ, அதைவிட இது ஐந்து செ.மீ. அதிகம்.

அந்த ஐந்து செ.மீ. சைக்கிளின் முன்பகுதியைத் தூக்கி, பின்சக்கரத்தை மையமாகக் கொண்டு சைக்கிள் முழுவதையும் பின்னோக்கிச் சாய்க்கிறது. ஏறத்தாழ 105 செ.மீ. சக்கர இடைவெளி உள்ள சைக்கிளில், ஃபோர்க் ஒவ்வொரு 20 மி.மீ. நீளும்போதும் ஹெட் டியூபின் கோணம் சுமார் ஒரு பாகை படுத்துவிடும். 71 பாகையில் இருந்த உங்கள் ஹெட் டியூப் 68 பாகையை ஒட்டி வந்துவிடும். இதனால் மாறுவது டிரெயில் என்னும் அளவு. ஃபோர்க் தண்டின் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரமே அது. சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்புவதும், ஹேண்டில்பார் கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதும் பெருமளவுக்கு இந்தத் தூரத்தைப் பொறுத்தவை. 26 அங்குலச் சக்கரத்தில் 2 அங்குல டயரும், 38 மி.மீ. ரேக்கும் (தண்டின் அச்சுக்கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்னால் தள்ளியிருக்கும் தூரம்), 71 பாகைக் கோணமும் இருந்தால் டிரெயில் ஏறத்தாழ 73 மி.மீ. வரும். மற்றவற்றை மாற்றாமல் கோணத்தை மட்டும் 68 ஆக்கினால் அது 92 மி.மீ. ஆகிவிடும். மெதுவாக மேடேறும்போது முன்சக்கரம் இருபுறமும் அலைவதையும், குறுகிய திருப்பத்தில் சைக்கிள் தயங்குவதையும் நீங்கள் முதல் நாளிலேயே உணர்வீர்கள். அதோடு மிதிக்கட்டையின் அச்சு சுமார் 2 செ.மீ. உயரும், இருக்கையும் அதே மூன்று பாகை பின்னால் சாயும். ஆனைகட்டி போன்ற ஏற்றத்தில் இந்த உடல்நிலையோடு மிதிப்பது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நல்லதல்ல.

ஓட்டும் சுகத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நீண்ட ஃபோர்க் ஒரு நீண்ட நெம்புகோல். ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு முறை முன்பிரேக் பிடிக்கும்போதும், ஹெட் டியூபின் அடியில் கீழ்க் குழாய் ஒட்டியிருக்கும் இடத்தில் விழும் வளைவிசை அந்த நீளத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் வந்த பிரேம்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1 சந்தைக்கு வந்ததே 1989-இல்தான்; அதுவும் இரண்டு அங்குல அளவுக்கே அமுங்கும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் நீளத்துக்கு ஏற்ப பிரேம்களின் வடிவத்தைத் திருத்தும் வழக்கம் அதற்குப் பின்னர், 1990-களின் நடுப்பகுதிக்குள் படிப்படியாகப் பரவியது. ஆகவே சைக்கிள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதே ஒரு நல்ல தடயம். உங்களுடையது 1992 என்பதால் குட்டையான ஃபோர்க்குக்கென்றே பிறந்த பிரேமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதுவே 1997-ஐச் சேர்ந்ததாக இருந்திருந்தால், 63 அல்லது 80 மி.மீ. சஸ்பென்ஷனுக்கு ஏற்றதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இனி அளவெடுப்பது. வளைந்த ஃபோர்க்கை அளந்து அந்த எண்ணை நம்பிவிடாதீர்கள். அச்சு பின்னுக்கு வந்திருப்பதால் ரேக் முற்றிலும் தவறாக வரும். நீளமும் சில மி.மீ. மாறியிருக்கும். அந்தக் காலத்துச் சைக்கிள் நிறுவனங்கள் பலவற்றின் விலைப்பட்டியல் புத்தகங்கள் இணையத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. உங்கள் மாடலின் ஹெட் டியூப் கோணம் அவற்றில் இருக்கக்கூடும். கோணம் தெரிந்துவிட்டால் நீளத்தை நீங்களே கணக்கிடலாம். அது 71 பாகை என்று கொள்வோம். சமதளத்தில் பின்சக்கரத்தை நிறுத்தி, முன்பகுதிக்கு அடியில் பலகைகளை அடுக்கி, ஹெட் டியூப் 71 பாகையில் நிற்கும்வரை உயர்த்துங்கள்; செல்பேசியில் உள்ள கோணமானி இதற்குப் போதும். பிறகு ஹெட்செட்டின் கீழ்க் கோன் உட்காரும் இடத்திலிருந்து தரைவரை செங்குத்தாக அளந்து, அதிலிருந்து சக்கரத்தின் ஆரமான 330 மி.மீ.-ஐக் கழியுங்கள். மிஞ்சுவதோடு 13-ஐக் கூட்டி 0.945-ஆல் வகுத்தால், 40 மி.மீ. ரேக் உள்ள ஃபோர்க்கின் நீளம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கழித்தபின் 360 மி.மீ. வந்தால் நீளம் 395 மி.மீ. ஆகும். அதிலிருந்து பத்து மி.மீ. கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள ஃபோர்க்கை அச்சமின்றிப் பொருத்தலாம்.

எனவே நீங்கள் தேட வேண்டியது 390 முதல் 405 மி.மீ. நீளமும், 38 முதல் 45 மி.மீ. ரேக்கும் கொண்ட குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகு ஃபோர்க். சஸ்பென்ஷனுக்கு ஈடாகச் செய்யப்பட்ட ஷாக் இல்லாத ஃபோர்க்குகளும் விற்பனைக்கு உண்டு. பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தாலும் 26 அங்குலத்திலேயே அவற்றின் நீளம் 430 முதல் 450 மி.மீ. வரை போகும் என்பதால், ‘ரிஜிட்’ என்ற ஒரே சொல்லை நம்பி வாங்கிவிடாதீர்கள். ரேக்கைப் பொறுத்தவரை, அது ஒரு மி.மீ. கூடினால் டிரெயில் ஏறத்தாழ ஒரு மி.மீ. குறையும், எனவே இரண்டு மூன்று மி.மீ. வேறுபாட்டுக்காக நல்ல ஃபோர்க் ஒன்றைக் கைவிட வேண்டியதில்லை.

கால்கள் முன்னோக்கி வளைந்தவையா, நேரானவையா என்பதைப் பற்றி நிறையப் பேசுவார்கள். நேரான காலிலும் தோள்பட்டையிலேயே சாய்வு கொடுத்து அதே ரேக்கைக் கொண்டுவந்துவிடுவதால், ஓட்டத்தில் பெரிய வேறுபாடு இராது. நீங்கள் விரும்பும் சுகம் டயரில் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 2.1 அங்குல டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்றோடு மண்பாதையில் ஓட்டிப் பார்த்தால், இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் அவருக்குத் தேவைப்படாது. குரோமோலி ஃபோர்க்கின் எடை ஏறத்தாழ ஒரு கிலோதான். பழைய டயர் ஒல்லியாக இருந்து தடித்த டயருக்கு மாறுவதாயின், அச்சிலிருந்து தோள்பட்டையின் அடிப்பரப்பு வரை அளந்து, டயருக்கு மேல் குறைந்தது 6 மி.மீ.-ஆவது இடைவெளி இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் பழைய ஃபோர்க்கின் தண்டில் மரை இருக்கிறது. இப்போது எளிதாகக் கிடைக்கும் ஃபோர்க்குகளில் மரை இல்லை. பிரேமை மாற்றாமல் இவற்றைப் பொருத்த முடியுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: முடியும். தண்டின் தடிமன் ஒன்றாக இருந்தால் போதும். மரை இருக்கிறதா இல்லையா என்பது பிரேமுக்குத் தெரியாது. முதலில் வெர்னியர் காலிப்பரால் தண்டின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 25.4 மி.மீ. என்றால் அது 1 அங்குலத் தண்டு, 28.6 மி.மீ. என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைந்த தண்டு, இதுவே 1990-களில் மவுண்டன் பைக்குகளில் பரவலாக வந்தது. 31.8 மி.மீ. அளவுள்ள ஒன்றேகால் அங்குலத் தண்டு சில ஆண்டுகளே புழக்கத்தில் இருந்தது. உங்களுடையது அதுவாக இருந்தால், பொருத்தமான உதிரிபாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும்.

28.6 மி.மீ. உள்ளவர்கள் மரை இல்லாத முறைக்கு மாறுவதையே நான் பரிந்துரைக்கிறேன். அதற்கு மரையற்ற ஹெட்செட் ஒன்றும், ஹேண்டில்பாரைத் தாங்கி, தண்டை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் ஸ்டெம் ஒன்றும் வாங்க வேண்டும். இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது ஹேண்டில்பாரின் நடுத்தடிமன். பழைய மவுண்டன் பைக் ஹேண்டில்பார்கள் 25.4 மி.மீ.; இன்றைய ஸ்டெம்களில் பெரும்பாலானவை 31.8 மி.மீ. ஹேண்டில்பாருக்கானவை. ஆகவே 25.4 மி.மீ. ஸ்டெம்மைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஹேண்டில்பாரையும் சேர்த்து மாற்றுங்கள். தண்டை முதல் நாளே குட்டையாக வெட்டிவிட வேண்டாம். வளையங்களை ஸ்டெம்முக்கு மேலும் கீழும் மாற்றி வைத்துச் சில வாரங்கள் ஓட்டி, கைக்குச் சரியான உயரத்தை அறிந்தபின், வெட்டும் விளிம்பு ஸ்டெம்மின் அல்லது மேல் வளையத்தின் உச்சியிலிருந்து 3 மி.மீ. கீழே இருக்குமாறு வெட்டுங்கள். கார்பன் தண்டாக இருந்தால் உள்ளே நட்சத்திர நட்டை அடித்து இறக்கக் கூடாது. அதற்கென விரிந்து பிடிக்கும் அடைப்பான் உண்டு.

மரையுள்ள ஃபோர்க்கையே வாங்க விரும்பினால், தண்டின் நீளம் பிழையின்றி இருக்க வேண்டும். ஹெட் டியூபின் நீளத்தோடு ஹெட்செட்டின் மொத்த உயரத்தைக் கூட்டி, இரண்டு மூன்று மி.மீ. கழித்தால் வருவதே சரியான நீளம். சற்று நீண்டிருந்தால் மேல் நட்டுக்கு அடியில் வளையம் சேர்க்கலாம். குட்டையாக இருந்தால் அந்த நட்டு மூன்று நான்கு மரையை மட்டுமே பற்றி நிற்கும். அதை ஓட்டக் கூடாது. மரை போதாத தண்டில் லேத் பட்டறையில் கீழ்நோக்கி மேலும் மரை வெட்டித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மரை வெட்டிய இடத்தில் குழாயின் சுவர் மெலிந்துவிடும். தண்டுக்குள் இறங்கும் பழைய வகை ஸ்டெம்மின் ஆப்பு விரிந்து அழுத்துவதும் அதே இடத்தில் அமைந்துவிட்டால், தண்டு அங்கேதான் முறியும்.

1 அங்குலத் தண்டு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஃபோர்க்கின் தோளில் கீழ்க் கோன் உட்காரும் விட்டம் சிலவற்றில் 26.4 மி.மீ., வேறு சிலவற்றில் 27.0 மி.மீ. கோனும் ஃபோர்க்கும் வெவ்வேறு அளவாக இருந்தால், ஒன்று கோன் தளர்ந்து ஆடும், அல்லது அடித்து ஏற்றும்போது வெடிக்கும்.

கேள்வி: குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி இறங்குகிறேன். மழைநாளில் ரிம் பிரேக் போதவில்லை. எப்படியும் ஃபோர்க் மாற்றப்போவதால் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைக்கலாமா? இருக்கிற ஃபோர்க்கிலேயே பிடிமானம் வெல்டிங் செய்துதர முடியும் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் விருப்பம் நியாயமானது, வெல்டிங் யோசனை ஆபத்தானது. டிஸ்க் பிரேக் பிடிக்கும்போது விசை முழுவதும் இடது காலின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. ரிம் பிரேக்குக்காகச் செய்த ஃபோர்க்கில் அந்தப் பகுதி மெல்லியதாகக் கூம்பி இறங்கும். அதில் வெல்டிங்கின் சூடும் சேர்ந்தால், மலைச்சரிவில் அதை நம்ப முடியாது. டிஸ்க் பிடிமானத்தோடு தயாரிக்கப்பட்ட ஃபோர்க்கையே வாங்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், டிஸ்க் பிடிமானமுள்ள மவுண்டன் பைக் ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை மேலே நான் சொன்ன நீண்ட வகையைச் சேர்ந்தவை. இதற்கு நல்ல மாற்று ஒன்று உண்டு. 26 அங்குலத்தைவிடப் பெரிய 700சி சக்கரமுள்ள சைக்ளோகிராஸ் (மண்பாதைப் பந்தய), தொலைதூரப் பயணச் சைக்கிள்களுக்கான டிஸ்க் ஃபோர்க்குகள் பலவற்றின் நீளம் 395 முதல் 400 மி.மீ. வரை இருக்கும், அதாவது பழைய 26 அங்குல ஃபோர்க்கின் நீளமே. டிஸ்க் பிரேக்குக்கு ரிம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது பொருட்டல்ல என்பதால், அதில் உங்கள் 26 அங்குலச் சக்கரத்தைப் போட்டுக்கொள்ளலாம். ரேக் 45 மி.மீ. என்றால் டிரெயில் 66 மி.மீ. அளவில் வந்து, திருப்பம் சற்றுச் சுறுசுறுப்பாகும், பழகிவிடலாம். கால்களுக்கு இடையிலான அகலத்தை மட்டும் டயர் மிக அகலமாக இருக்கும் இடத்தில், அச்சிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் அளந்து, உங்கள் டயர் இருபுறமும் 5 மி.மீ.-ஆவது விலகி நிற்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் தட்டைப் பூட்டும் வசதியுள்ள ஹப்போடு முன்சக்கரம் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹப்பின் அகலமும் அச்சின் வகையும் ஃபோர்க்கோடு பொருந்த வேண்டும், 100 மி.மீ. அகலமும் 9 மி.மீ. அச்சும் கொண்ட பழைய முறை ஃபோர்க்கானால், விரைவுப்பூட்டு நெம்பை ஒவ்வொரு முறையும் உறுதியாக இறுக்குங்கள். டிஸ்க் பிரேக்கின் விசை அச்சை வாய்ப்பிளவிலிருந்து வெளியே தள்ளும் திசையில் செயல்படக்கூடியது.

ரிம் பிரேக்கிலேயே தொடர்வதானால், ஃபோர்க்கில் உள்ள பிரேக் முளைகள் 26 அங்குல ரிம்முக்கான உயரத்தில் இருக்க வேண்டும். 700சி ஃபோர்க்கின் முளைகள் மூன்று செ.மீ. மேலே இருப்பதால் கட்டை ரிம்மை எட்டாது. பழைய கான்டிலீவர் பிரேக்கிலிருந்து வி-பிரேக்குக்கு மாறினால் மழையிலும் பிடிமானம் தெளிவாகக் கூடும். ஆனால் வி-பிரேக்குக்குக் கேபிளை அதிகமாக இழுக்கும் கைப்பிடி வேண்டும். பழைய கைப்பிடியோடு பூட்டினால் கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொட்டபின்னும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

கேள்வி: வளைந்த ஃபோர்க்கைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறார்கள். செலவும் குறைவு. செய்யலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: செய்ய வேண்டாம். மோதலில் வளைந்த குழாயின் ஒரு பக்கம் ஏற்கெனவே நீண்டும் மறுபக்கம் நசுங்கியும் இருக்கிறது. அதைத் திருப்பி வளைப்பது, பலவீனமான அதே இடத்தை இரண்டாம் முறையாக முறுக்குவதாகும். குரோமோலி குழாயைக் கண்மதிப்பில் சூடாக்கினால், ஆலையில் அதற்குக் கிடைத்த உறுதியும் போய்விடும். உள்ளூர் மெக்கானிக்குகளின் கைத்திறன்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ரிம்மையும், பின் கியர்மாற்றியைத் தாங்கும் தொங்கலையும் அவர்கள் நிமிர்த்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஃபோர்க் முறிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் மோத விழுவார். கையை ஊன்றக்கூட நேரம் இருக்காது.

கேள்வி: புது ஃபோர்க் விலை அதிகமாக இருக்கிறது. பழையது ஒன்று விற்பனைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: நீளம், தண்டின் விட்டம், தண்டின் நீளம், ரேக், பிரேக் வகை ஆகிய ஐந்தையும் விற்பவரிடம் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். கையில் வந்ததும், தண்டு தோள்பட்டையில் சேரும் வளையத்தையும், பிரேக் முளைகளின் அடிப்பகுதியையும், அச்சு உட்காரும் வாய்களையும் துணியால் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் தொடங்கும் இடங்கள் இவையே. அண்மையில் புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபோர்க்கைத் தவிர்ப்பது நல்லது. தண்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை, விரலால் தேய்த்தால் செதிலாக உதிரும் துரு ஆகாது. கடைசியாக, நேராக இருப்பது உறுதியான ஒரு சக்கரத்தைப் பூட்டி, அது இரு கால்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பிப் பூட்டுங்கள். இரண்டு முறையும் அது ஒரே பக்கமாக விலகி நின்றால் ஃபோர்க் வளைந்தது. விலகும் பக்கம் மாறினால் பிழை சக்கரத்தில் உள்ளது.